துரைக்கு எஃப்.சி. முடியட்டும்

பட்டாபிராம்,
19.6.2025

அன்புள்ள பிரியாவுக்கு,

தினகரன் எழுதுவது. நீ நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என்கிறார்கள். நீயோ ஓசூருக்குப் போய்ச் சேர்ந்த அன்றே என் நம்பரை பிளாக் செய்து, பதினோரு நாளாக அப்படியே வைத்திருக்கிறாய். அந்த அளவுக்குத் தெம்பாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். ஹாஸ்டல் முகவரியை உன் அம்மாவிடம் வாங்கினேன். "என்ன தம்பி சண்டை?" என்று கேட்டார்கள். "சின்ன விஷயம்தாம்மா, ஒரு எலுமிச்சம்பழம்" என்றேன். காபி கொடுத்தார்கள்.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். அன்றைக்கு இருந்த கோபத்தில் நீ எதையும் காதில் வாங்கவில்லை.

ஜூன் ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மாங்காட்டில் நமக்கு ஐந்தாவது வாரம். கல்யாணம் கூடிவர ஆறு வாரம் காமாட்சி அம்மனுக்கு எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட வேண்டும் என்பது உன் அம்மாவின் வேண்டுதல். ஒரு வாரம்கூட நான் தவறவில்லை, அதை நீ மறந்துவிடக் கூடாது. அன்று காலையில்தான் பூந்தமல்லியில் மெக்கானிக் பச்சையப்பன் துரைக்குப் புது கிளட்ச் மாட்டிக் கொடுத்தார். (உன் ஹாஸ்டலில் யாராவது பிரித்துப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்: துரை என்பது என் கார். தொண்ணூற்றாறு மாடல் அம்பாசடர். பெரிய அதிகாரி ஒருவர் உட்கார்ந்து போன வண்டி, ஏலத்தில் எடுத்தது.) "புச்சா போட்டுகீறேன் அண்ணாத்தே. கோயிலாண்டதானே போற? நாலு சக்கரத்துக்கும் பழம் வச்சி ஏத்திட்டு எடு" என்றார் பச்சையப்பன்.

நாலு பழம் வாங்கினேன். ஒன்று உருண்டு சாக்கடைக்குப் போய்விட்டது. நீ செருப்பு எடுக்கப் போயிருந்தாய். முன் சீட்டில் மஞ்சளாக, குங்குமமெல்லாம் வைத்து, தயாராக ஒன்று இருந்தது. எடுத்து இடது பின் சக்கரத்துக்கு வைத்தேன். குருக்கள் அம்மன் காலடியிலிருந்து எடுத்து உன் கையில் திருப்பிக் கொடுத்த பழம், ஒரு வாரம் பூஜையில் வைத்து ஆறாவது வாரம் கொண்டுபோக வேண்டிய பழம் என்பதெல்லாம் அந்த நிமிஷம் எனக்கு உறைக்கவில்லை. சக்கரம் ஏறிய பிறகு உறைத்தது. அதற்குள் நீ திரும்பிப் பார்த்துவிட்டாய்.

இதற்காக ஆறு வருஷப் பழக்கத்தை உதறிவிட்டு ஓசூர் போய் உட்காருவார்களா? கம்பெனி மூன்று மாதத்துக்கு அனுப்புகிறது என்றாய். முடியாது என்று சொல்லியிருக்கலாம்.

கிளட்ச் வெண்ணெய் மாதிரி இருக்கிறது. இனி வயரிங் வேலையும், ஆர்.டி.ஓ. ஆபீஸில் வாங்க வேண்டிய எஃப்.சி. சான்றிதழும்தான் பாக்கி. துரையை முடித்துவிட்டு நம் விஷயத்தை நிதானமாகப் பேசலாம். பதில் போடு.

தினா

*

ஓசூர்,
23.6.2025

தினா,

உன் கடிதம் வந்தது. உனக்கு இவ்வளவு வாக்கியங்கள் எழுத வரும் என்று எனக்கு ஆறு வருஷமாகத் தெரியாது. அதனால் பிளாக் அப்படியே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் "நம்ம எப்ப கல்யாணம் பண்ணிக்கப் போறோம்?" என்று கேட்டால் நீ ஒரு கட்டைவிரல் அனுப்புவாய். அந்தக் கட்டைவிரலை என்ன தேதி என்று நான் எடுத்துக்கொள்வது? தாளில் கட்டைவிரல் வைக்க முடியாது. வைத்தாலும் அது கைநாட்டு. இனி கடிதம்தான்.

பழத்தைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். நாலாவது சக்கரத்துக்குப் பழம் இல்லாமல் போனால் துரை கோபித்துக்கொள்வார் என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. நான் கோபித்துக்கொள்வேன் என்று தோன்றவில்லை. அவ்வளவுதான் விஷயம். எனக்கு வேண்டுதலில் அவ்வளவு நம்பிக்கை இல்லை என்பது உனக்கே தெரியும். ஆனால் ஐந்து வாரம் வெயிலில் வரிசையில் நின்றவள் நான்.

நீ சொன்ன காரணங்களை நினைவுபடுத்துகிறேன். முதலில், "கல்யாணத்துக்குத் துரையில்தான் வந்து இறங்குவோம், இன்ஜின் வேலை முடியட்டும்" என்றாய். ஆசையாக இருந்தது, சரி என்றேன். இன்ஜின் முடிந்ததும் டிங்கரிங். டிங்கரிங் முடிந்ததும் பெயிண்ட். பெயிண்ட் அடித்த மாதமே மழையில் ஒரு முருங்கைக் கிளை விழுந்து மறுபடி டிங்கரிங். அப்புறம் சீட், அப்புறம் கிளட்ச், இப்போது வயரிங். எனக்கு முப்பத்துநாலு வயதாகிவிட்டது தினா. உனக்கு முப்பத்தெட்டு. துரை மட்டும்தான் நாளுக்கு நாள் இளமையாகிக்கொண்டு வருகிறார்.

வண்டியை விற்றுவிடு என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. சித்தி பெண் நிச்சயதார்த்தத்துக்குப் போகும்போது திருமழிசை தாண்டி நின்றுபோய், பட்டுப்புடவையோடு பஸ்காரர்கள் பார்க்கத் தள்ளினேனே, அன்றைக்கும் சொல்லவில்லை. இடது பக்கக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. நீ இறங்கிச் சுற்றி வந்து திறந்துவிடுவாய். அதைப் பார்த்துத்தான் என் அம்மா "எவ்வளவு மரியாதை தெரிந்த பையன்" என்று இன்றைக்கும் காபி கொடுக்கிறாள். நான் அவளிடம் உண்மையைச் சொன்னதில்லை.

நம் முதல் சந்திப்பு ஞாபகம் இருக்கிறதா? உங்கள் கம்பெனி ஸ்பிரிங் பெட்டிகளோடு நீ அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வந்தாய். நான் முழு லாட்டையும் ரிஜெக்ட் செய்தேன். குவாலிட்டியில் எனக்குத் தெரிந்தது மூன்றே முத்திரைதான்: பாஸ், ரிஜெக்ட், ஹோல்டு. எந்தச் சரக்கையும் மூன்று நாளுக்கு மேல் ஹோல்டில் வைத்தால் மேனேஜர் கத்துவார். உன்னை ஆறு வருஷம் வைத்துவிட்டேன்.

இங்கே மூன்று மாத வேலை. இங்கேயே நிரந்தரமாக இருக்கிறாயா, அம்பத்தூருக்குத் திரும்புகிறாயா என்று ஆகஸ்ட் இருபதாம் தேதிக்குள் நான் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் எனக்கு உன்னிடமிருந்து ஒரு தேதி வேண்டும். வராவிட்டால் இங்கேயே இருந்துவிடுவேன். இதை மிரட்டல் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

பிரியா

*

பட்டாபிராம்,
6.7.2025

அன்புள்ள பிரியா,

உன் கடிதம் அம்மா கையில் முதலில் கிடைத்துவிட்டது. பிரிக்கவில்லை என்று சத்தியம் செய்தாள். ஆனால் பழக் கதை அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

"சாமி பழத்தை டயருக்கு வச்சவன், நாளைக்குத் தாலியை எதுக்குடா வைப்ப? ஃபேன் பெல்ட்டுக்கா?"

அப்பா டேங்க் ஃபேக்டரியில் முப்பத்திரண்டு வருஷம் சர்வீஸ். ஒரு நாள்கூட வேலையைப் பாக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவரில்லையாம். அவருக்குப் பிறந்தவன் ஒரு காரை எட்டு வருஷமாக ரிப்பேர் பார்க்கிறானே என்று ஆரம்பித்து, குவார்ட்டர்ஸில் என்னோடு கோலி ஆடியவன் எல்லாம் இரண்டாவது பிள்ளைக்கு மொட்டை போட்டுவிட்டான் என்பது வரை வந்தாள். எங்கள் அம்மா ஜெகதாம்பாள் வாயைத் திறந்தால் ஆவடி மார்க்கெட்டே அடங்கிவிடும், உனக்குத் தெரியாததா?

தண்டனையும் கொடுத்திருக்கிறாள். முதல் வாரத்திலிருந்து மறுபடி ஆறு வாரம் நான் தனியாக மாங்காடு போக வேண்டும். அதுவும் பஸ்ஸில். போன ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தேன், இன்று இரண்டாவது வாரம். வரிசையில் பெரும்பாலும் பெண்களும் அவர்களுடைய அம்மாக்களும்தான். எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மாள் என் கையில் இருந்த பழத்தைப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்குப் பாக்கறீங்களா சார்?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். அவர் என் தலையை ஒரு தரம் நன்றாகப் பார்த்துவிட்டு, "அம்மன் கைவிட மாட்டா" என்றார். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். காதோரம் மட்டும்தான் நரை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ எழுதியதெல்லாம் நியாயம். ஆனால் முருங்கைக் கிளை என் தப்பில்லை.

ஒன்று சொல்கிறேன், நம்பு. துரையின் எஃப்.சி. இந்த மாதத்தோடு முடிகிறது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் இருபத்துமூன்றாம் தேதி காட்ட வேண்டும். வண்டி ஓடத் தகுதியானதுதான் என்று அவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டால் இன்னும் ஐந்து வருஷத்துக்குக் கவலையில்லை. பச்சையப்பனும் இதைத்தான் சொல்கிறார். "வயரிங் பூரா புச்சு. எஃப்.சி. கண்ண மூடிகினு குடுப்பாங்கோ. அப்பால நீ வேற சாக்குதான் தேடணும் அண்ணாத்தே" என்றார். அவருக்கு நம் விஷயம் தெரியும் போலிருக்கிறது. அம்மா சொல்லியிருப்பாள்.

எஃப்.சி. மட்டும் முடியட்டும் பிரியா. மறுநாளே தேதி எழுதுகிறேன்.

தினா

*

ஓசூர்,
15.7.2025

தினா,

பச்சையப்பனுக்கு என் வணக்கத்தைச் சொல். ஆறு வருஷத்தில் உன்னைச் சரியாகப் பரிசோதித்த ஒரே ஆள் அவர்தான்.

இருபத்துமூன்றாம் தேதி எஃப்.சி. இருபத்துநாலாம் தேதி நீ எழுதும் கடிதத்தில் கல்யாணத் தேதி. இதைச் சிவப்பு மையில் எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன். என் அறைத்தோழி தீபிகா இது என்ன பரீட்சை என்று கேட்டாள்.

இந்த ஹாஸ்டலில் கடிதம் வரும் ஒரே ஆள் நான்தான். வார்டன் ஞானம்மாள் அக்கா கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறார். "இந்தக் காலத்துல எவம்மா லெட்டர் போடறான்? ஜெயில்ல இருக்கானா?" என்று கேட்டார். இல்லை, ஆவடிப் பக்கம் என்றேன். கதையை முழுக்கச் சொன்ன பிறகு, உன்மேல் அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. என்மேல்தான் கோபம். "ஆறு வருஷம் ஏன் உட்டு வச்ச?" என்கிறார்.

இங்கே ஜூலையில் சால்வை போர்த்த வேண்டியிருக்கிறது. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வரும்போது டீக்கடையில் இரண்டு டீ என்று சொல்லிவிட்டு, அப்புறம் ஒன்று போதும் என்று மாற்றிச் சொன்னேன். போன வாரம் இரண்டு தடவை அப்படி ஆகிவிட்டது. இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை.

மதியம் ஒழுங்காகச் சாப்பிடு. பிஸ்கட்டை டீயில் முக்கித் தின்றுவிட்டு சாப்பாடு ஆச்சு என்று சொல்லாதே.

பிரியா

*

பட்டாபிராம்,
24.7.2025

அன்புள்ள பிரியா,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. எஃப்.சி. கிடைக்கவில்லை.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. நேற்று காலை எட்டு மணிக்கே துரையைக் குளிப்பாட்டி, திருநீறு பூசி, பூந்தமல்லிக்குக் கொண்டுபோனேன். ஆய்வாளர் நல்ல மனிதர். சுற்றி வந்து பார்த்தார். பிரேக் பிடித்தது. ஹெட்லைட் எரிந்தது. வைப்பர் இரண்டும் ஒன்றாக அசைந்தது. அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "இந்த மாடல்ல இவ்ளோ சுத்தமா ஒரு வண்டிய நான் பார்த்ததே இல்ல சார்" என்றார். பச்சையப்பன் கண்ணில் தண்ணீர்.

கடைசியாக ஹார்ன் அடிக்கச் சொன்னார். அழுத்தினேன். சத்தம் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். வரவில்லை. "ஹார்ன் சரி பண்ணிட்டு அடுத்த மாசம் கொண்டு வாங்க" என்று சொல்லி அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

விதி என்றுதான் சொல்ல வேண்டும். நாம் ஒன்று நினைக்கிறோம். வண்டி இப்போது பச்சையப்பன் ஷெட்டில் நிற்கிறது. இருபதாம் தேதிக்குள் மறுபடி காட்டிவிடலாம் என்றுதான் நினைக்கிறேன். உங்கள் கம்பெனியில் ஒரு பத்து நாள் அவகாசம் கேட்டுப் பார்க்கிறாயா?

மதியம் சாப்பிடுகிறேன். நேற்று மட்டும் சாப்பிடவில்லை.

தினா

*

ஓசூர்,
30.7.2025

தினா,

துரையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். செல்ஃப் எடுக்காது. இடது கதவு திறக்காது. பெட்ரோல் முள் எப்போதும் பாதியில் நிற்கும். மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். அந்த வண்டியில் ஆறு வருஷமாக ஒரு நாள்கூடக் கெடாமல் வேலை செய்தது ஒன்றே ஒன்றுதான். ஹார்ன். எங்கள் தெருவுக்குள் நுழையும்போது நீ ஒரு தரம் அடித்தால், மூன்றாவது மாடியில் என் அம்மா பால் பாத்திரத்தை இறக்கி வைப்பாள். திருவிழாக் கூட்டத்தில் அடித்து ஒரு மாட்டை மிரளவிட்டாயே, மாட்டுக்காரர் வந்து சண்டை போட்டாரே, அந்த ஹார்ன்.

நான் பதின்மூன்று வருஷமாகக் குவாலிட்டியில் இருக்கிறேன். எல்லாம் சரியாக இருக்கும் ஒரு பொருளில், எது கெடவே கெடாதோ அது மட்டும் பரிசோதனை நாளன்று கெட்டுப்போனால், நான் பொருளைப் பார்க்க மாட்டேன். அதைக் கொண்டுவந்த ஆளைப் பார்ப்பேன்.

ஹார்னுக்கு என்ன ஆயிற்று?

பிரியா

*

பட்டாபிராம்,
5.8.2025

பிரியா,

மூன்று தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது. இதையும் கிழிப்பதற்குள் கவரில் போட்டு ஒட்டிவிட வேண்டும்.

ஹார்ன் ஒயரை நான்தான் பிடுங்கினேன்.

இருபத்திரண்டாம் தேதி சாயங்காலம் ஷெட்டிலிருந்து வண்டியை எடுத்து வந்து வாசலில் நிறுத்தினேன். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் வேலை செய்தது. நம்ப மாட்டாய், இடது கதவுகூட உள்ளேயிருந்து திறந்தது. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக துரைக்கு ஒரு குறையும் இல்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பானெட்டைத் திறந்து நிற்கிறேன், செய்ய ஒரு வேலையும் இல்லை. கை தானாகப் போய் அந்த ஒயரைப் பிடுங்கிவிட்டது. தானாக என்று எழுதுவதும் பொய்தான். நன்றாகத் தெரிந்தேதான் பிடுங்கினேன்.

போன வாரம் பச்சையப்பன் ஷெட்டில் ஒயரைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். "இது அறுந்தது இல்ல அண்ணாத்தே. எவனோ புடுங்கிகீறான். உனுக்கு ஆவாதவன் எவனோ செஞ்ச வேல. யார் மேலயாச்சும் சந்தேகம் கீதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "பேர் சொல்லு, நா பாத்துக்கறேன்" என்றார். பேர் சொன்னேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். பிறகு, "அந்தப் பொண்ணு இன்னா பாவம் பண்ணிச்சி?" என்றார். அதற்கப்புறம் என் வண்டியைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ஏன் செய்தேன் என்று நீ கேட்பாய். இத்தனை நாள் யாராவது "தினா எப்படி இருக்கே?" என்று கேட்டால் துரையைப் பற்றித்தான் சொல்லுவேன். கிளட்ச் போய்விட்டது, வயரிங் நடக்கிறது என்று. நீ என் பக்கத்தில் உட்கார்ந்தாலும் நாம் பேசியது பாதி துரையைப் பற்றித்தான். துரை சரியாகிவிட்டால் அப்புறம் பார்ப்பதற்கு நான் மட்டும்தான் இருப்பேன். முப்பத்தெட்டு வயது, ஸ்பிரிங் கம்பெனியில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர், ஓட்டலில் போய் என்ன சாப்பிடுவதென்று கால் மணி நேரம் யோசிக்கிற ஆள். நீ தினம் தினம் சரக்கை உற்றுப் பார்த்து ரிஜெக்ட் செய்கிறவள். கல்யாணம் ஆன பிறகு ஒரு நாள் சாவகாசமாக என்னைப் பார்ப்பாய், பார்த்துவிட்டு ஏமாந்துபோவாய் என்று பயம். காரில் குறை இருக்கிற வரைக்கும் என் குறை தெரியாது என்று நினைத்தேன்.

உன்னைப் பிடிக்காமல் இல்லை பிரியா. அது உனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரியாமல் இருந்தால், உன்னைத் தவிர எனக்கு யாரையும் பிடிக்கவில்லை. இதை நான் வாயால் சொன்னதே இல்லை என்று இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

மாங்காட்டில் ஆறு வாரமும் முடித்துவிட்டேன். வீட்டில் அம்மாவிடம் ஹார்னைப் பற்றிச் சொல்லவில்லை.

தினகரன்

*

ஓசூர்,
11.8.2025

தினா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை உன்னைக் கொன்றுவிடலாம் போலிருந்தது. இரண்டாவது தடவை, "பேர் சொன்னேன்" என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். தீபிகா எழுந்து வந்து பார்த்தாள். மூன்றாவது தடவை பாத்ரூமில் போய் அழுதேன். இங்கே அழுவதற்கு வேறு இடமில்லை, அங்கேயும் வாளி வைத்துக்கொண்டு வெளியே ஆள் நிற்கிறது.

உன்னை நிறையத் திட்டி எழுத உட்கார்ந்தேன். ஆனால் நீ உண்மையை எழுதிவிட்டாய். அதனால் நானும் எழுத வேண்டியிருக்கிறது.

கம்பெனி என்னை இங்கே அனுப்பவில்லை. நான்தான் கேட்டு வாங்கினேன். மே பன்னிரண்டாம் தேதி எழுதிக் கொடுத்தேன். மே இருபத்திரண்டில் ஆர்டர் வந்துவிட்டது. எலுமிச்சம்பழம் நசுங்கியது ஜூன் ஒன்று. அதாவது நான்காவது வாரமும் ஐந்தாவது வாரமும் ஆர்டரைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் உன்னோடு கோயிலைச் சுற்றினேன். ஆறாவது வாரத்துக்குள் நீயாக வாயைத் திறந்தால் அதைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். உன்னிடம் நேராகக் கேட்டு, நீ முடியாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்பதைவிட ஓசூர் கிட்டத்தில் இருப்பதாகப் பட்டது.

நீ பழத்தின்மேல் வண்டியை ஏற்றினாயே, அந்த நிமிஷம் எனக்குக் கோபம் வந்தது உண்மை. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. போவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டதே என்று. இரண்டு மாதமாக அந்தப் பழத்தைக் காட்டியே உன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். நீ காருக்குப் பின்னால் ஒளிந்தாய், நான் ஓசூருக்கு வந்து ஒளிந்தேன்.

இன்னொன்று. உன்னை நான் உற்றுப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாயா? ஆறு வருஷம் அந்த முன் சீட்டில் உட்கார்ந்து வேறென்ன செய்தேன்? நீ ஓட்டலில் கால் மணி நேரம் யோசித்துவிட்டுக் கடைசியில் எனக்குச் சொன்னதையே உனக்கும் சொல்வாய். பயம் வந்தால் காதைத் தேய்ப்பாய். பொய் சொன்னால் "விதி" என்பாய். தலை இரண்டு வருஷமாகவே நரைத்திருக்கிறது. எல்லாம் பார்த்தாயிற்று. ரிஜெக்ட் பண்ணுவதாக இருந்தால் எப்போதோ பண்ணியிருப்பேன்.

ஆனால் இதற்குமேல் என்னால் காத்திருக்க முடியாது. இனி நீ எந்தக் காரணமும் எழுத வேண்டாம். சமாதானமும் எழுத வேண்டாம். இருபதாம் தேதி நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன். எந்தத் தாளில் போடுவது என்பது உன் கையில் இருக்கிறது.

பிரியா

*

ஓசூர்,
17.8.2025, ஞாயிறு, காலை 9.40
(ஹாஸ்டல் வாசலிலிருந்து)

பிரியா,

கீழே இருக்கிறேன். ஆண்களை உள்ளே விட மாட்டேன் என்கிறார் உன் வார்டன். போனில் கூப்பிடலாம் என்றால் நீ இன்னும் பிளாக்கை எடுக்கவில்லை. "நீதானா அந்த அம்பாசடர்?" என்று வார்டன் கேட்டார். ஆமாம் என்றேன். பஸ்ஸில்தான் வந்தேன். பூந்தமல்லியில் ஏறினேன், வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தேன். துரை வீட்டு வாசலில் நிற்கிறார். ஹார்ன் ஒயர் இன்னும் தொங்குகிறது, அது தொங்கட்டும். எனக்கு அதைவிட அவசரமான வேலை இருக்கிறது.

தேதி: ஆவணி பத்தொன்பது, செப்டம்பர் நாலு, வியாழக்கிழமை. உன் அம்மாவும் என் அம்மாவும் சேர்ந்து பஞ்சாங்கம் பார்த்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்தால் எனக்குப் பேச இடமே இல்லை.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். முந்தாநாளுக்கு முந்தின நாள் எங்கள் கம்பெனியில் நான் கொடுத்த லீவு லெட்டரின் நகல். பதினாலு வருஷ சர்வீஸில் "காரணம்" என்ற இடத்தில் "சொந்த வேலை" என்றுதான் எழுதுவேன். இந்தத் தடவை "எனது திருமணம்" என்று எழுதினேன். மேனேஜர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். மதியத்துக்குள் எண்பத்துநாலு பேருக்கும் தெரிந்துவிட்டது. வெல்டிங் செக்‌ஷனில் எனக்கு மாலை போட்டுவிட்டார்கள். இனி நான் நினைத்தாலும் திரும்ப முடியாது.

தினா

*

(அதே தாளின் பின்பக்கம்)

தினா,

தேதி கிடைத்தது. லீவு லெட்டர் கிடைத்தது. எண்பத்துநாலு பேரிடம் சொல்லியிருக்கிறாய், இரண்டு அம்மாக்களிடம் சொல்லியிருக்கிறாய், உங்கள் மேனேஜரிடம் கையெழுத்தே வாங்கியிருக்கிறாய். என்னிடம் மட்டும் இன்னும் கேட்கவில்லை. இதுவரை வந்த கடிதங்களை எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டேன். ஒன்றில்கூட அந்தக் கேள்வி இல்லை.

கீழே இடம் விட்டிருக்கிறேன். ஞானம்மாள் அக்கா முட்டிவலியோடு மாடியேறி இறங்குகிறார், "இதுக்கு மேல ஒரு நடைதான்" என்று சொல்லிவிட்டார். யோசித்துக்கொண்டு நிற்காதே.

பிரியா

*

என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறாயா பிரியா? தாளைச் சுவரில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் பதில் வருகிற வரைக்கும் இந்தக் கேட்டை விட்டு நகர மாட்டேன்.

*

ஆமாம்.

இப்போதுதான் தலைக்குக் குளித்தேன். காய ஒரு மணி நேரம் ஆகும், இந்த ஊர்க் குளிரில் ஈரத்தலையோடு வெளியே வந்தால் ஜலதோஷம் நிச்சயம். பரவாயில்லை. வருகிறேன்.